தட்டு எறிபவன்

எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி சுடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காக வாங்கிய, தட்டு எறியும் கருவி ஒன்று கார் கொட்டகையில் பனி வாரும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வீட்டுக்கு வரும் நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கழன்ற ஏதோ உறுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் பெரும்பாலும் திருத்துவதில்லை. ஒஹையோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், சின்சினாட்டியிலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறோம். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது என்னவென்று பார்த்தவுடன் தெரியும். நம்மவர்களுக்குத்தான் விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் துப்பாக்கியில் போய் முடியும், அப்புறம் சாப்பாடு ஆறிவிடும்.

முதலில் தட்டு. ஆங்கிலத்தில் இதற்கு ‘கிளே பிஜன்’ என்று பெயர். மண் புறா. இன்றைக்கு அதில் மண்ணும் இல்லை, புறாவும் இல்லை. சுண்ணாம்புக்கல் பொடியைக் கீலில் குழைத்து அச்சில் அழுத்தி எடுத்தது. குறுக்களவு 108 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 100 கிராம். காபி சாஸரைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும், உச்சியில் ஆரஞ்சு வண்ணம். காற்றில் சுழன்று போகிறபோது நாலைந்து ரவை பட்டால் போதும், கறுப்புப் பொடியாகச் சிதறும். அந்தக் கறுப்புப் பொடியைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், பள்ளியின் தட்டு சுடும் குழுவில் சேர வேண்டும் என்று ஒரு படிவத்தோடு வந்தாள். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேனாவை எடுக்கவில்லை. என் மனைவி படிவத்தையே எடுத்துக்கொண்டு போய் மாடியில் வைத்துவிட்டாள். இங்கே வளரும் எல்லாப் பிள்ளைகளையும் போல எங்கள் பெண்ணும் கின்டர்கார்டனிலிருந்தே, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, வகுப்பின் மூலையில் சத்தம் காட்டாமல் உட்காரும் பயிற்சியைச் செய்து வந்தவள். ஐந்து வயதில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “இன்னைக்கு யாரும் பேசாத வெளையாட்டு வெளையாண்டோம், நான்தான் ஜெயிச்சேன்” என்று சொன்னாள். அன்று ராத்திரி நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

“ஒளியறதுக்கும் அதே ஸ்கூல்தான் சொல்லிக்குடுக்குது, சுடறதுக்கும் அதே ஸ்கூல்தான் சொல்லிக்குடுக்குமா?” என்றாள் மனைவி.

“எனக்குத் தெரிஞ்ச துப்பாக்கி எல்லாமே நியூஸ்ல வர்ற துப்பாக்கிதாம்மா. இது ஒண்ணையாவது நான் கையில பிடிச்சுப் பாக்கறேனே.”

இது நல்ல பதிலா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. பதினான்கு வயதுப் பெண் சொல்கிற பதிலுக்கு இது கூடுதல் எடை. இரண்டு வாரம் வீட்டில் ரசம் கூட இறுக்கமாகத்தான் இருந்தது.

ஊரில் ஆத்தாவுக்கு விஷயம் போனது. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா அது? புறாவையா சுடுறா? பாவம்டா” என்றாள். மண் புறா ஆத்தா, ஓட்டாஞ்சில்லு மாதிரி ஒரு தட்டு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நம்ம ராசா வூட்டுப் புள்ள ஒண்ணு ஒலிம்பிக்குக்குப் போச்சுன்னாங்களே, அதுவா?” அதுவேதான். 2024இல் பாரிஸில் ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 2004இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளிப் பதக்கம் வாங்கியதும் பறக்கும் தட்டுகளைச் சுட்டுத்தான். ஆத்தா அதற்கப்புறம் எதிர்க்கட்சியில் இல்லை. ஆனால் அவள் ஓட்டு இங்கே செல்லாது.

கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்த ஏற்பாடு இது. துப்பாக்கி எங்கள் வாசற்படி ஏறாது. குழுவுக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு 80 ஏக்கர் பண்ணை இருக்கிறது. அவருடைய 20 கேஜ் இரட்டைக்குழல் அவருடைய இரும்புப் பெட்டியிலேயே இருக்கும். வாரத்தில் ஒருநாள் அங்கே போய், அவர் முன்னிலையில் சுட்டுவிட்டு, அவரிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும். பெரியவரிடம் இருந்த பழைய எறிகருவி சுருள்வில் துருவேறிக் கிடந்தது. புதிது ஒன்று வாங்குவது எங்கள் பங்கு. “சுடற சாமான் வேண்டாம்னேன். எறியற சாமான்னா வாங்கிக்குங்க” என்று மனைவி சொன்னாள். அப்படித்தான் துப்பாக்கியைத் தொடாத நான் துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

கடையில் கல்லாவில் இருந்தவர் என்ன சுடுகிறீர்கள் என்று கேட்டார். சுடவில்லை, எறியப்போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு என்னை நேராக மின்கருவிகள் பக்கம் அழைத்துப்போனார். அதை ஏன் வேண்டாம் என்று வைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 300, 400 டாலரில் ஆரம்பிக்கும். 12 வோல்ட் பேட்டரி, மேலே உருளைபோல அடுக்கில் ஐம்பது தட்டுகள், சுடுபவர் காலடியில் ஒரு பொத்தான். மிதித்தால் தட்டு பறக்கும், கை தானாகவே திரும்ப வந்து அடுத்த தட்டைத் தாங்கிக்கொள்ளும். மிக நல்ல சாதனம். தனியாகவே பயிற்சி செய்யலாம் என்று அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். பதினான்கு வயதுப் பெண் துப்பாக்கியோடு தனியாக நிற்க வசதி செய்து கொடுக்கும் எதுவும் எனக்கு வேண்டாம். பெரியவர் ஐம்பதடி தள்ளி நாற்காலியில் இருப்பார் என்பது வேறு விஷயம். பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் வேலையே நடக்காத கருவியாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கையால் இயக்குவதில் உள்ள குறையாக எல்லோரும் சொல்வது அதைத்தான். நான் அதைத் தேடித்தான் போனேன்.

கைக்கருவிகளில் ஆக மலிவானது 10, 15 டாலருக்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் கை. நாய்க்குப் பந்து எறியும் கரண்டி போல நீளமாக, நுனியில் தட்டைக் கவ்வும் பிடியோடு இருக்கும். நம் சோளக்கொல்லைப் பரணில் கிளி ஓட்டும் கவணுக்கு என்ன கணக்கோ அதே கணக்குத்தான் இதற்கும்: கையை நீட்டிக்கொடுத்தால் வேகம் கூடும். அதோடு, பிடியிலிருந்து உருண்டு வெளியேறும்போது தட்டுக்குச் சுழற்சி கிடைக்கிறது. சுழற்சிதான் உயிர். சுழலாத தட்டு பத்தடியில் தலைகுப்புற விழும். இதில் சுருள்வில் இல்லை, சிக்கிக்கொள்ள ஒன்றுமில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். முதல் மாதம் பெரியவரிடம் இருந்த இப்படி ஒன்றை வைத்துத்தான் ஓட்டினோம்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டு. இரண்டு சுற்று எறிந்தால் என் தோள்பட்டை மறுநாள் சட்டை மாட்ட விடாது. ஐம்பதை நெருங்கும் தோள் அது. ஆனால் அதை நிறுத்தியதற்குத் தோள் காரணமில்லை. ஒருநாள் மகள் சொன்னாள்: “அப்பா, எறியறதுக்கு முன்னாடி நீங்க இடுப்பத் திருப்பறது ஓரக்கண்ணுல தெரியுது. எந்தப் பக்கம் போகும்னு முன்னாடியே தெரிஞ்சிடுது.” அவள் தட்டைச் சுடவில்லை; என்னைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதுப் பெண் அப்பாவை இவ்வளவு கவனமாகப் பார்ப்பது வேறெங்கும் நடக்காது என்பதால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். இருந்தாலும் பயிற்சி பயிற்சிதானே.

அடுத்த வகை தரையில் பதிக்கிற சுருள்வில் கருவி. இரும்புச் சட்டம், அதில் சுழலும் ஒரு கை, இழுத்துப் பூட்டும் வில், விடுவிக்க ஒரு கயிறு. கையைப் பின்னால் தள்ளினால் கொக்கியில் மாட்டி நிற்கும். அப்புறம் அதன்மேல் தட்டை வைக்க வேண்டும். கடையில் அதைச் செய்து காட்டியபோது என் கவனமெல்லாம் எலிப்பொறியில் மசால்வடை வைக்கும் விரல்களில்தான் போனது. பொறி சின்னதென்றால் விரல் நசுங்கும். இது அறைந்தால் மணிக்கட்டு எலும்பு முறியும். நாணேற்றி நிற்கிற ஒன்றின் பாதையில் கையை நீட்டித்தான் ஒவ்வொரு தட்டையும் வைக்க வேண்டும், ஒரு சாயங்காலத்தில் ஐம்பது முறை. விற்பவர்கள் எத்தனை கஜம் எறியும் என்பதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். பள்ளிக் குழு சுடும் ட்ராப் ஆட்டத்தில் தட்டு 50 கஜம் போனால் கணக்கு முடிந்தது. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அதுவும் அதிகம். 70 கஜம் எறிகிற கருவியை வாங்கிவிட்டு, வில்லைத் தளர்த்தி வைத்துத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். தட்டு வைக்கிறவன் கை எங்கே இருக்கும் என்று பெட்டியின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது வகையைப் பார்த்ததும் தேடி வந்தது இதுதான் என்று தோன்றியது. காலால் மிதிப்பது. ட்ரையஸ் போன்ற பழைய பெயர்கள் இந்த முறையில் கருவி செய்கின்றன. தட்டு வைக்கும்போது வில் தளர்ந்தே இருக்கும். மிதிக்கத் தொடங்கினால்தான் வில் இறுகும். முழுதாக மிதித்ததும் அதே மிதியில் விடுபட்டுவிடும். இறுகுவதும் விடுவதும் ஒரே அசைவு. அதாவது, என் கை அதன் அருகே இருக்கும் நேரத்தில் அது வெறும் இரும்பு. இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் உட்காரும் இருக்கை வைத்த கருவியும் உண்டு. எறிபவரின் எடையே அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். இருக்கை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்து ஓட இரண்டு நொடி கூடுதலாகும், என் முட்டி அப்படி. அதற்குப் பதிலாக, பெரியவர் தந்த தடித்த ஓக் பலகையில் கருவியைப் பூட்டி, பலகையின் நான்கு மூலையிலும் கம்பி அறைந்துவிட்டோம். மெல்லிய அடிச்சட்டத்தோடு வெறும் தரையில் வைத்தால் ஒவ்வொரு எறிக்கும் தவளை மாதிரி குதிக்கும்.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்கலாம். கையின் ஓரம் நெடுக ஒட்டியிருக்கும் ரப்பர்ப் பட்டை. தட்டு அதில் உரசி உருண்டுதான் சுழற்சி பெறுகிறது. அது தேய்ந்துபோனால் மாற்றக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, தட்டைக் கவ்வும் பிடி. ரொம்ப இறுக்கமாக இருந்தால் தட்டு கையிலேயே உடைந்து சில்லாகப் பக்கவாட்டில் தெறிக்கும். அதனால்தான் சுடுகிறவளுக்கு மட்டுமல்ல, எறிகிறவனுக்கும் கண்ணாடி. தட்டு வைக்காமல் வெறும் கையை விசிற விடக்கூடாது என்பதும் பெரியவர் கட்டளை. வில்லுக்கும் கைக்கும் ஆகாது.

நிற்கிற வரிசைக்கும் கட்டளை உண்டு. எறிபவன் துப்பாக்கிக்கு முன்னால் ஓரடிகூடப் போகக் கூடாது. அவள் ஓரடி முன்னே, நான் வலப்பக்கம் சற்றுப் பின்னே. நான் குனிந்து தட்டு வைக்கும்வரை துப்பாக்கி மடிந்து, இரண்டு குழலின் பின்வாயும் திறந்து, வெளிச்சம் தெரிய வேண்டும். நான் நிமிர்ந்து காலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவள் தோட்டா போடுவாள். இரண்டு பேர் காதிலும் உறை. பேச்சு கிடையாது. வீட்டில் எதற்கும் அலைபேசியிலிருந்து தலை தூக்காத பெண், ஐம்பது முறை திரும்பி என் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாள். நானும் ஐம்பது முறை அந்தக் குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

சுடுபவர் கூப்பிட்டால்தான் தட்டு போகும். இங்கே ‘புல்’ என்று கூப்பிடுவார்கள், இழு என்று அர்த்தம். எதை இழுப்பது என்று பெரியவரைக் கேட்டேன். அந்தக் காலத்தில் பொறிப்பெட்டிக்குள் உயிருள்ள புறாவை அடைத்து வைத்திருப்பார்கள், கயிற்றை இழுத்தால் மூடி திறக்கும், புறா பறக்கும், சுடுவார்கள். ஆட்டத்துக்கு ‘ட்ராப்’, பொறி, என்று பெயர் வந்ததும் அதனால்தான். தட்டைக் கூட இன்னும் ‘பறவை’ என்றுதான் சொல்கிறார்கள். 1870களில் ஆடம் போகார்டஸ் என்ற பேர்பெற்ற சுடுநர் கண்ணாடி உருண்டைகளை எறியும் பொறியைப் பரப்பினார். புல்வெளியெல்லாம் கண்ணாடிச் சில் ஆனது. 1880இல் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட மண்ணில் தட்டு செய்து, அதற்குக் காப்புரிமை வாங்கினார். பையன்கள் தண்ணீரில் சிப்பியைத் தத்தவிட்டு விளையாடுவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். கதைதானோ என்னவோ, எங்கள் கண்மாய்க் கரையில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிட்ட எனக்கு அதை நம்பப் பிடித்திருக்கிறது. அவர் தட்டு நன்றாகவே பறந்தது. ஆனால் ஓடு கெட்டியாக வெந்துவிட்டதால் ரவை பட்டால் மணிபோல ஒலிக்குமாம், உடையாது. பிறகுதான் கீலும் சுண்ணாம்புக்கல்லும் வந்தன.

லிகோவ்ஸ்கி சின்சினாட்டிக்காரர். அதே சின்சினாட்டியின் மிருகக்காட்சிசாலையில்தான் 1914 செப்டம்பர் 1 அன்று மார்த்தா என்ற புறா செத்தது. கூட்டம் பறந்தால் வானம் இருளும் என்று எழுதிவைக்கப்பட்ட பயணிப்புறா இனத்தின் கடைசிப் பறவை. அந்த இனத்தை அழித்தது முக்கியமாக இறைச்சிச் சந்தைக்கான வேட்டையும், காடு அழிந்ததும். பொறிப்பெட்டிக்குப் போனவையும் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த மிருகக்காட்சிசாலையில் அவள் நினைவாக ஒரு சிறிய கட்டடம் இருக்கிறது. மகளை அழைத்துப்போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லவேளை, அவரு தட்டு கண்டுபிடிச்சாரு. கொஞ்சம் லேட்” என்றாள்.

மகளுக்கு ‘புல்’ வாயில் வருகிறது, பள்ளிப் போட்டிகளில் அதையே சொல்கிறாள். பண்ணையில் மட்டும் “விடு” என்பாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. எந்தச் சத்தம் போட்டாலும் சரி என்றார் பெரியவர். நவம்பரில் ஒருநாள், மக்காச்சோளம் அறுத்த வெறும் நிலத்தில், முதல்முறையாக என் மனைவியும் வந்தாள். காருக்குள்ளேயேதான் இருந்தாள். முதல் சுற்று முடிந்ததும் கண்ணாடியை இறக்கி, “அப்பாவ விடுங்கன்னு சொல்லுடி” என்றாள்.

“ங்க சொல்றதுக்குள்ள தட்டு போயிரும்மா.”

சுடுகிற திசையில் 300 கஜத்துக்கு ஆளோ வீடோ வேலியோ இருக்கக் கூடாது என்பது பெரியவருடைய எல்லை. சிறு ரவை அதற்குள் விழுந்துவிடும். அவர் இதைவிடக் கண்டிப்பாக இருப்பது பன்றிகள் விஷயத்தில்தான். நிலக்கரித்தாரின் கீல் பன்றியின் ஈரலைக் கெடுத்துக் கொல்லும். உடைந்த தட்டுச் சில்லைத் தின்று பன்றிகள் செத்த சம்பவங்களைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பன்றிகள் மேயும் பக்கம் ஒரு சில் விழக் கூடாது. விழுந்ததைப் பொறுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கீல் இல்லாமல், மண்ணில் மக்கிப்போகும்படி செய்த தட்டும் விற்கிறார்கள், விலை கூடுதல். 90 தட்டு உள்ள பெட்டியை அப்படி வாங்கினாலும் ஈயம் ஈயம்தான். அந்த நிலத்தில் கிடக்கும். இதற்குப் பெரியவரிடம் பதில் இல்லை. எஃகு ரவைக்கு மாறலாம், அவருடைய பழைய குழல் அதற்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டாவது குளிர்காலம் இது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சில் பொறுக்குவதில்தான் மனைவி முதலில் காரை விட்டு இறங்கினாள். ஆரஞ்சு நிறம் தெரிவதால் மாலை வெளிச்சத்திலும் எளிதாகக் கண்ணில் படும். மூன்று பேரும் ஆளுக்கொரு வாளியோடு குனிந்து நடப்போம். அந்த நேரத்தில் துப்பாக்கி பெரியவர் வீட்டுக்குள், இரும்புப் பெட்டியில் இருக்கும். பள்ளியில் நடந்தது, யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பாடத்தில் மதிப்பெண் இறங்கியது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். போன மாதம் ஒருநாள் இங்கிருந்து தொலைவில் ஒரு பள்ளியில் நடந்ததைப் பற்றி வானொலியில் கேட்டுக்கொண்டே பண்ணைக்குப் போனோம். மனைவி வானொலியை அணைத்தாள். திரும்பிப் போகலாமா என்று நான் கேட்டேன். பின்னிருக்கையிலிருந்து பதில் வர நேரமானது. “சுட வேண்டாம். சும்மா போலாம்.” அன்றைக்கு எங்கள் கருவி பலகையில் ஏறவே இல்லை. பெரியவரும் ஒன்றும் கேட்கவில்லை, காபி போட்டுக் கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் என் வலது முட்டி வீங்கிவிட்டது. வேறு யாராவது மிதிக்க வேண்டும் என்று நான் சொன்னது பெரியவரை நினைத்துத்தான். மனைவி காதுறையை என் தலையிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டாள். தட்டை எப்படி வைப்பது, எந்தப் பக்கம் நிற்பது என்று நான் சொல்லச் சொல்ல, “தெரியும், ரெண்டு வருஷமா பாக்கறேன்ல” என்றாள். தட்டை வைத்து நிமிர்ந்தாள். குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று என்னைவிடக் கூடுதல் நேரம் பார்த்தாள். காலைத் தூக்கிக் காட்டினாள். மகள் தோட்டா போட்டுத் துப்பாக்கியை மூடித் தோளில் வைத்தாள்.

“விடும்மா.”

முதல் மிதி பாதியிலேயே நின்றது. வில் அவ்வளவு கனம். இரண்டாவது மிதிக்குத் தட்டு போனது, எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக, இடப்பக்கமாக. அவள் சுடவில்லை. குழலை மடித்துத் தோட்டாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கால் அடுத்து எப்போது எழும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.